ஆரம்பப் பாடசாலையின் சுயமதிப்பீடு: ஒரு தவணைக்குள் செய்து முடிக்கும் முறை

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வெளி மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று கடிதம் வந்ததும் பாடசாலைகளில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கோவைகளில் தூசு தட்டப்படும், சுவரில் புது பிரிஸ்டல் போட் ஏறும், சுயமதிப்பீட்டுப் படிவத்தின் எட்டுத் துறைகளும் ஒரே இரவில் நிரம்பிவிடும். மாணவர் அடைவு தொடங்கிப் பாடசாலையும் சமூகமும் வரை எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டாயிற்று. மறுநாள் தரம் 3 வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் எதுவும் மாறியிருக்காது.

படிவம் தேவையானதுதான். அதை ஆண்டுக்கொரு முறை, கையிலுள்ள தரவை வைத்து நிரப்பிக் கொடுங்கள். கற்றலும் கற்பித்தலும் உண்மையில் முன்னேற வேண்டுமென்றால் வேறொரு வேலை இருக்கிறது. அது சிறியது, ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடப்பது. பிள்ளை வாசிப்பதைக் கேட்பதில் தொடங்கி, பாடசாலையின் நேரசூசி மாறுவதில் போய் நிற்கும். மட்டக்களப்பின் ஐந்து வலயங்களிலும், அம்பாறையில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வலயங்களிலும் உள்ள தமிழ்மொழிமூல ஆரம்பப் பிரிவுகளை மனதில் வைத்து, அந்த வேலையை 12 கிழமைக்குள் செய்யும் விதத்தைக் கீழே தருகிறோம்.

காலத்தைத் தெரிவு செய்தல்

இதில் சறுக்கினால் மற்றதெல்லாம் சறுக்கும். முதலாம் தவணையை இல்ல விளையாட்டுப் போட்டி விழுங்கிவிடும். பெரும்போக அறுவடையும் அப்போதுதான் வரும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பாடசாலைகளில் அந்த நாட்களில் வரவு இடாப்பைத் திறந்தால் தெரியும், வயலுக்குப் போன பெற்றோருடன் பிள்ளையும் போயிருக்கும், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கும். மூன்றாம் தவணையின் பின்பாதியில் வடகீழ்ப் பருவமழை. குளங்களின் வான்கதவு திறந்தால் பாதை அறுபடும், பாடசாலையே இடைத்தங்கல் முகாமாகும்.

ஆகவே இரண்டாம் தவணைதான் வாய்ப்பானது. அதிலும் மூன்று இடையூறுகள் உண்டு. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் அந்தக் கிழமை வரவு விழும். ஆடியில் கதிர்காம யாத்திரையும் மாமாங்கத் தீர்த்தமும். தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்கும் ஆசிரியர் வகுப்பில் இருக்கமாட்டார். முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நோன்பு விடுமுறையை ஒட்டி நகர்வதால் அவை தங்கள் நாட்காட்டியைத் தனியே பார்க்க வேண்டும். ஒரு டிமைத்தாளில் 12 கிழமைகளையும் கீறி, விழாவும் போட்டியும் விழும் நாட்களை முதலில் சிவப்பால் அடியுங்கள். சோதனைக் கிழமைகளைச் சிவப்பில்லாத இடத்தில் வையுங்கள்.

பங்கீடு இப்படி அமையலாம்: முதற் கிழமை ஆயத்தம், 2ஆம், 3ஆம் கிழமை தகவல் திரட்டல், 3ஆம் கிழமை வெள்ளிக்கிழமை கூட்டம், 4 முதல் 10 வரை நடைமுறை, 11இல் மீள்சோதனை, 12இல் அடுத்த தவணைக்கான முடிவு.

யார் யார் சேர்வது

ஆரம்பப் பிரிவுத் தலைவர், தரம் 1 அல்லது 2இல் ஒருவர், தரம் 3 முதல் 5 வரையில் ஒருவர். மூவர் போதும். அதிபர் நேரம் ஒதுக்கிக் கொடுப்பவராக இருக்கட்டும். தகவல் திரட்டும் கையாக வேண்டாம். ஆசிரிய ஆலோசகரை இரண்டு தடவை மட்டும் அழையுங்கள், சோதனைத்தாள் தயாரிக்கும்போதும் மீள்சோதனையின்போதும். தாழங்குடா அல்லது அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியிலிருந்து மூன்றாம் ஆண்டுப் பயிற்சிக்கு வந்த ஆசிரியப் பயிலுனர் யாரும் இருந்தால், ஆசிரியர் சோதனை செய்யும் நேரத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அவரை விடலாம்.

கேள்வி ஒன்றுதான்

பெரும்பாலான பாடசாலைகள் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பெறுபேற்றிலிருந்து தொடங்குகின்றன. வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பேர், போன வருடத்தை விடக் கூடவா குறைவா என்று. எங்கள் பார்வையில் அது பிழையான வாசல். அந்த 200 புள்ளிப் பரீட்சை தரம் 5இன் பிற்பகுதியில் வருகிறது. அதில் தெரியும் இடைவெளி தரம் 2இலும் 3இலும் விழுந்தது. போதாததற்கு, அந்தப் பெறுபேற்றில் பின்னேர ரியூசனின் பங்கு எவ்வளவு, பாடசாலையின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. கெட்டிக்கார ஆசிரியரைத் தரம் 5க்கும், புதிதாக நியமனம் பெற்றவரைத் தரம் 1க்கும் போடும் வழக்கமும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததே.

கேள்வி இப்படி இருக்கட்டும்: "எங்கள் தரம் 3, 4, 5 பிள்ளைகளில் தங்கள் வகுப்புக்குரிய பந்தியைத் தாமாக வாசித்து விளங்கிக்கொள்ளக்கூடியவர் எத்தனை பேர்? முடியாதவருக்கு எந்த இடத்தில் தடங்கல்?" கணிதத்தில் தொடங்க விரும்பினால் அதையே எண்ணின் இடப்பெறுமானம் பற்றிக் கேட்கலாம். இரண்டையும் ஒரே தவணையில் எடுக்க வேண்டாம்.

வாசிப்புச் சோதனை

ஒவ்வொரு பிள்ளையையும் தனியே இருத்தி வாசிக்கக் கேட்பதுதான் முழு வேலையின் அத்திவாரம். வகுப்பு முழுவதும் சேர்ந்து வாசிக்கும்போது தெரியாத பிள்ளையின் வாயும் அசையும். எழுத்துப் பரீட்சையில் பக்கத்துக் கொப்பி உதவும். தனியே இருத்தினால் நாலு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

நான்கு தாள்கள் தேவை. எல்லாம் தடித்த எழுத்தில், தாளுக்கு ஒரு மட்டமாக.

எழுத்துத் தாளில் 10 எழுத்து. வரிசையில் வேண்டாம், கலந்து போடுங்கள்: ப, மா, தி, நீ, கு, லூ, செ, தே, பொ, யோ. வரிசையாகக் கொடுத்தால் பிள்ளை பாட்டாகச் சொல்லிவிடும், கண் தாளில் இருக்காது.

சொல் தாளில் 10 சொல். "அம்மா", "படம்", "பாடம்" போன்றவற்றைத் தவிருங்கள். அவற்றைப் பிள்ளை எழுத்தெழுத்தாக வாசிப்பதில்லை, முகம் பார்த்து ஆளை அறிவதுபோல் மொத்த உருவத்தை அறிகிறது. கூடு, நெல், தோணி, கொக்கு, மேளம், பூசணி, தூண்டில் போன்றவை நல்லவை. கொம்பும் காலும் சுழியும் கலந்திருக்கின்றன, பிள்ளைக்குத் தெரிந்த பொருளாகவும் இருக்கின்றன.

பந்தித் தாளில் நாலு சிறு வசனம், ஒவ்வொன்றிலும் 4 அல்லது 5 சொல். கதைத் தாளில் ஏறத்தாழ 60 சொல், அதன்மேல் மூன்று கேள்வி. கேள்விகளில் ஒன்றாவது கதையில் நேரடியாக இல்லாத "ஏன்" கேள்வியாக இருக்கட்டும்.

பாடப்புத்தகத்திலிருந்து பந்தி எடுக்காதீர்கள். மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளை வாசிக்கும் பிள்ளையைப் போலவே தோன்றும். மீள்சோதனைக்கும் சேர்த்து, ஒரே பாரமுள்ள இரண்டு தொகுதிகளை இப்போதே எழுதி, இரண்டாவதைக் கடித உறையில் ஒட்டி அதிபரின் அலுமாரியில் வைத்துவிடுங்கள்.

நடத்தும் முறை: பந்தியில் தொடங்குங்கள். எழுத்துக்கூட்டாமல், மூன்று பிழைக்குள் வாசித்தால் கதைக்கு ஏற்றுங்கள். முடியாவிட்டால் சொல்லுக்கு இறக்குங்கள். 10இல் 8 சரியென்றால் அது சொல் மட்டம். அதுவும் முடியாவிட்டால் எழுத்து. அங்கும் 8 வேண்டும். 8க்குக் குறைந்தால் "தொடக்க மட்டம்". கதையில் மூன்றில் இரண்டு கேள்விக்குச் சரியான பதில் வந்தால்தான் கதை மட்டம். சரளமாக வாசித்துவிட்டு ஒன்றுமே சொல்லத் தெரியாத பிள்ளையைப் பந்தி மட்டத்தில் போட்டு, பக்கத்தில் "விளக்கம் இல்லை" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

30 பிள்ளைகளுக்கு 4 முதல் 5 நிமிட வீதம் இரண்டரை மணித்தியாலம் வரை எடுக்கும். இரண்டு ஆசிரியர், இரண்டு காலை என்றால் சோர்வில்லை. தன் வகுப்பைத் தானே சோதிக்க வேண்டாம். தரம் 3 ஆசிரியர் தரம் 4ஐ, தரம் 4 ஆசிரியர் தரம் 5ஐ. மிகப் பெரிய பாடசாலைகளில் எல்லோரையும் கேட்க முடியாவிட்டால் இடாப்பில் ஒவ்வொரு நாலாவது பெயரையும் எடுங்கள். "இந்தப் பிள்ளையைக் கேளுங்க சேர்" என்று வகுப்பாசிரியர் தெரிந்து தரும் பிள்ளைகளை வைத்து முடிவெடுத்தால் முழு வேலையும் வீண்.

பேச்சு வழக்கைப் பிழையாகக் கணக்கிடாதீர்கள். ழகரத்தை ளகரமாக ஒலிப்பது வாசிப்புப் பிழையல்ல. "கொஞ்சம்" என்று இருக்குமிடத்தில் பிள்ளை "ஒள்ளுப்பம்" என்று வாசித்தால் அது கருத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஒரு கோடு போட்டுக் குறித்துவிட்டுத் தொடரவிடுங்கள்.

மட்டத்தைப் போலவே முக்கியமானது பிழையின் வகை. "கொ" என்பதைக் "கா" என்றோ "கெ" என்றோ வாசிக்கும் பிள்ளை, எழுத்துக்கு முன்னும் பின்னும் நிற்கும் குறிகளைச் சேர்த்துப் பார்க்கப் பழகவில்லை. கு, து, மு, சு எல்லாவற்றிலும் உகரக் குறி ஒரே மாதிரி இராது; அங்கே தடுக்குகிற பிள்ளைக்குக் குறிவிதி சொல்லிப் பயனில்லை, ஒவ்வொரு வடிவமாகப் பழக்க வேண்டும். முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு "தோணி"யை "தோட்டம்" என்கிற பிள்ளை ஊகிக்கிறது; அதற்குச் சொல்லின் கடைசி எழுத்தை விரலால் தொட்டு வாசிக்கும் பழக்கம் தேவை. மூன்று பேரும் "வாசிப்பில் பின்தங்கியவர்" என்ற ஒரே பட்டியலில் கிடந்தால் பரிகாரக் கற்பித்தல் மூவருக்குமே பொருந்தாது.

கணிதத்தை எடுத்தவர்களுக்கு

ஆறு கணக்குப் போதும், ஆனால் பிழையான விடையை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். சரி பிழை எண்ணிக்கையில் ஒன்றும் தெரியாது. "முந்நூற்று ஐந்து" என்று சொல்ல 3005 எழுதும் பிள்ளை கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறது. 35 எழுதும் பிள்ளைக்குப் பூச்சியம் இடம் பிடித்து வைக்கிறது என்பது தெரியாது. "தொண்ணூற்றேழு" சொல்லிப் பாருங்கள். நூறு காதில் விழுவதால் 107 என்று எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்க 35 வந்தால், பிள்ளை ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கிறது. அதற்கு வீட்டு வேலையாக இன்னும் 20 கணக்குக் கொடுத்தால் பிழையைத்தான் 20 தடவை பழகும். பத்துக் குச்சிக் கட்டொன்றை அவிழ்த்துக் காட்டுவதே வழி.

இடாப்பையும் மட்டத்தையும் ஒன்றாக வைத்தல்

வரவு இடாப்பில் கடைசி 60 பாடசாலை நாட்களை எடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நாள் வரவில்லை என்று எண்ணுங்கள். 12க்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு நாள் இல்லை. இப்போது ஒரு தாளை நாலாகப் பிரியுங்கள்: வருகிறது–வாசிக்கிறது, வருகிறது–வாசிக்கவில்லை, வருவதில்லை–வாசிக்கிறது, வருவதில்லை–வாசிக்கவில்லை. பெயர்களை அந்தந்தப் பெட்டியில் எழுதுங்கள்.

"பிள்ளை வந்தால்தானே படிப்பிக்கலாம்" என்ற பேச்சு எத்தனை பேருக்கு உண்மை, எத்தனை பேருக்கு உண்மையில்லை என்பது இந்த ஒரு தாளில் தெரிந்துவிடும். இரண்டாவது பெட்டியில் இருப்பவர்கள் நாள் தவறாமல் வந்தும் வாசிக்காதவர்கள். அவர்களுக்கு வீட்டைக் குறை சொல்ல இடமில்லை, அது கற்பித்தலின் கணக்கு. நாலாவது பெட்டிக்கு முதலில் வேண்டியது வரவு. எந்தக் கிழமைநாளில் வராமல் நிற்கிறது, ஆற்றைக் கடந்து வருகிறதா, தாய் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவுடன் வளர்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். குருமண்வெளி–மண்டூர், அம்பிளாந்துறை–குருக்கள்மடம் போன்ற துறைகளில் படகில் வருகிற ஆசிரியர்களும் இருப்பார்கள். ஆசிரியரின் பிந்திய வரவையும் அதே நேர்மையுடன் எண்ணத்தான் வேண்டும். முதலாம் பாடவேளை கிழமைக்கு எத்தனை தடவை ஆளின்றிக் கிடக்கிறது என்று எண்ணாத சுயமதிப்பீடு பிள்ளையை மட்டும் குற்றவாளியாக்கும்.

கொப்பி பார்த்தல்

வகுப்புக்கு ஐந்து கொப்பி, வெவ்வேறு மட்டத்துப் பிள்ளைகளுடையவை. பார்க்க வேண்டியவை சில: கடைசியாகத் திருத்திய திகதி, பிழையான விடைக்கு மேல் சரி விழுந்திருக்கிறதா, பிழை திருத்தம் என்று பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறதா, ஐந்து கொப்பியும் சொல்லுக்குச் சொல் ஒன்றா. கடைசியது உண்மையானால் அந்த வகுப்பில் எழுத்துவேலை என்பது கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான். அப்படி எழுதிய முத்துப்போன்ற கொப்பியின் சொந்தக்காரப் பிள்ளையைக் கூப்பிட்டு அதே பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாமலே அழகாக எழுதும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒளிந்திருக்கிறார்கள்.

வகுப்பறையைப் பார்ப்பது

மேற்பார்வை என்றாலே ஆசிரியர் விறைப்பது நியாயம். சம்பள ஏற்றத்துக்கான கணிப்பீடும் இதுவும் ஒன்றல்ல என்பதை முதற் கூட்டத்திலேயே அதிபர் சொல்லி, அதன்படி நடக்கவும் வேண்டும். பார்த்தவர் எழுதிய தாள் பார்க்கப்பட்ட ஆசிரியரிடமே போகும். தனிப்பட்ட கோவைக்குப் போகாது, சம்பவத் திரட்டிலும் ஏறாது. முதல் வகுப்பாகப் பார்க்கத் தருவது பிரிவுத் தலைவரின் வகுப்பாக இருந்தால் மற்றவர்களின் பயம் பாதியாகும்.

புள்ளித் திட்டம் வேண்டாம். வெற்றுத்தாளில் வகுப்பின் இருக்கைகளைக் கீறுங்கள், பிள்ளைக்கு ஒரு பெட்டி. 30 நிமிடம் இருந்து, ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெட்டியிலும் ஒரு புள்ளி. ஒரு சொல்லுக்கு மேல் பிள்ளை பேசினால் ஒரு கோடு. "விளங்கினதா?" "ஓம் ரீச்சர்" என்ற கூட்டுப் பதிலைத் தாளின் ஓரத்தில் மட்டும் எண்ணுங்கள். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். ஒரு விநாடிக்குள் அடுத்த பிள்ளைக்குப் போவதே பொதுவழக்கம். மூன்று விநாடி பொறுத்தால் பேசாத பிள்ளையும் வாய் திறக்கத் தொடங்கும்.

அத்துடன் நிமிடக் கணக்கு ஒன்று. 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்று வகையாகக் கற்றலைப் பிரித்தது. நீங்கள் பார்த்த பாடத்தில் ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம்? பலகையிலிருந்து பார்த்தெழுதியது எத்தனை நிமிடம்?

பேச்சு அன்றைக்கே, 15 நிமிடத்துக்குள். தாளை நடுவில் வைத்து, "ரீச்சர், இதைப் பாருங்க, உங்களுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். முன்வரிசை முழுக்கப் புள்ளியும் யன்னலோரம் வெறுமையுமாகக் கிடப்பதை அவரே சொல்வார். "நல்லாச் செய்தீங்க, ஆனால்..." என்று தொடங்கினால் அவர் காதில் "ஆனால்" மட்டும்தான் விழும். முடிவில் அவர் அடுத்த கிழமை மாற்றிச் செய்யப்போகும் ஒரேயொரு விடயத்தை அவரே தெரிந்து எழுதட்டும்.

பிள்ளைகளும் வீட்டாரும்

பிள்ளைகளிடம் ஆறு ஆறு பேராக, தங்கள் வகுப்பாசிரியர் இல்லாத இடத்தில் இரண்டு கேள்வி: "நேற்றுப் படித்ததில் என்ன ஞாபகம் இருக்கு?" "விளங்காட்டி என்ன செய்வீங்க?" இரண்டாவதற்கு வரும் பதிலில் வகுப்பின் சூழலே அடங்கியிருக்கும். "பக்கத்துப் பிள்ளையைக் கேப்பன்" என்பது ஒன்று. "பேசாம இருப்பன், கேட்டா அடிப்பாங்க" என்பது வேறொன்று. அதைக் கேட்டால் வாசிப்புத் திட்டத்துக்கு முன்னால் அதைத் தீர்க்க வேண்டும்.

வீட்டாருக்கு வினாக்கொத்து அனுப்புவது கடதாசி விரயம். காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது படலையடியில் நின்று பேசினாலே போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வராதவர்களும் அங்கே அகப்படுவார்கள்.

கூட்டம்: என்ன கண்டோம், ஏன்

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பலகையில் மூன்று நிரல்: கண்டது, காரணமாக இருக்கக்கூடியது, உறுதிசெய்ய இன்னும் பார்க்க வேண்டியது. முதல் அரை மணிக்கு முதல் நிரலை மட்டும் நிரப்புங்கள். காரணம் பேச வருபவரை மெதுவாக நிறுத்துங்கள். வகுப்புப் பெயரைச் சொல்லாமல் எண்களைப் போட முடிந்தால் நல்லது, ஆனால் சின்னப் பாடசாலையில் அது நடவாது. அங்கே அதிபர் "இது ஐந்து வருடக் கணக்கு, இந்த வருட ஆசிரியரின் கணக்கல்ல" என்று தொடக்கத்திலேயே சொல்லட்டும். உண்மையும் அதுதான். தரம் 5இல் எழுத்து மட்டத்தில் நிற்கும் பிள்ளை நாலு ஆசிரியரைத் தாண்டி வந்திருக்கிறது.

காரணங்களைப் பேசும்போது ஒரு விதி: பாடசாலை தானே மாற்றக்கூடிய காரணத்தை முதலில் எழுத வேண்டும். பெற்றோரின் அக்கறையின்மை, வறுமை, கைத்தொலைபேசி மூன்றும் எந்தக் கூட்டத்திலும் முதலில் வந்து கதிரையைப் பிடித்துக்கொள்ளும். அவை பொய்யல்ல, ஆனால் அவற்றில் தொடங்கிய கூட்டம் பெருமூச்சில்தான் முடியும்.

கடைசியில் ஒரே இலக்கு. உதாரணத்துக்கு: தரம் 3இல் 31 பேரில் 11 பேர் எழுத்து அல்லது சொல் மட்டத்தில் இருக்கிறார்கள், 11ஆம் கிழமை முடிவில் இவர்களில் 7 பேராவது ஒரு மட்டம் மேலே போயிருக்க வேண்டும். "வாசிப்புத் திறனை மேம்படுத்தல்" என்று எழுதினால் அது இலக்கல்ல, வருடாந்தத் திட்டத்தில் ஒரு வரி.

ஏழு கிழமை வேலை

நாளுக்கு 40 நிமிடம், எல்லா வகுப்புக்கும் ஒரே நேரம், காலைக் கூட்டம் முடிந்த கையோடு. தரம் 3, 4, 5 பிள்ளைகள் அந்த நேரத்தில் மட்டும் தரத்தை விட்டு மட்டப்படி பிரிந்து அமர்வார்கள். ஒவ்வொரு தரத்திலும் பல பிரிவுள்ள பெரிய பாடசாலைகளில் தரத்துக்குள்ளேயே பிரிக்கலாம். நேரசூசியில் இது அச்சாகி ஒட்டப்பட வேண்டும். "நேரம் கிடைக்கும்போது" என்று விட்ட வாசிப்பு நேரம் இரண்டாம் கிழமையே காணாமற்போகும்; வராத ஆசிரியருக்குப் பதிற்கடமை வந்தால் முதலில் பலியாவதும் அதுவே.

குழுக்களுக்குப் பூப்பெயரோ பறவைப்பெயரோ வையுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். எந்தப் பறவை மெதுவாகப் பறக்கிறது என்பதைப் பிள்ளைகள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். கேலி வராமல் காப்பது பெயரல்ல, 10 பாடசாலை நாளுக்கு ஒருமுறை சோதித்துப் பிள்ளைகளை மேலே நகர்த்துவதுதான். மட்டப் பட்டியலைச் சுவரில் ஒட்டவே வேண்டாம்.

எழுத்து மட்டக் குழுவில் 10 பேருக்கு மேல் வேண்டாம். அட்டை செய்ய 22க்கு 28 அங்குல பிரிஸ்டல் போட்டின் 22 அங்குலப் பக்கத்தை 4ஆகவும் 28 அங்குலப் பக்கத்தை 8ஆகவும் கோடு கீறி வெட்டினால், ஐந்தரைக்கு மூன்றரை அங்குலத்தில் 32 அட்டை வரும். பின்வரிசைக்கும் தெரியும் அளவு அது. தர உள்ளீட்டு நிதியில் இதற்கு இடமுண்டு. உயிர்மெய் அட்டவணையின் 216 கட்டத்தையும் வரிசையாக ஓதுவிக்க வேண்டாம். ங வரிசையில் "ங்" தவிர மற்றவை அன்றாட வாசிப்பில் வருவதே இல்லை, ஞ வரிசையிலும் சிலதான். க, த, ப, ம, ர, ல, வ வரிசைகளோடு தொடங்கினால் முதற் கிழமையே சொல் வாசிக்கலாம், பிள்ளைக்கும் தைரியம் வரும். 40 நிமிடத்தில் 10 நிமிடம் ஆசிரியர் கதை சொல்லிப் பேசவைத்தல், 10 நிமிடம் அட்டை, 10 நிமிடம் இருவர் இருவராக வாசிப்பு, 10 நிமிடம் வாசித்த சொல்லைப் பார்க்காமல் எழுதுதல். பேச்சை வெட்டி எழுத்துக்குக் கொடுப்பதுதான் வழக்கமான சறுக்கல்; பேசத் தெரியாத சொல்லைப் பிள்ளை வாசித்தாலும் அது ஒலி மட்டுமே.

கெட்டிக்கார ஆசிரியர் எழுத்துக் குழுவை எடுக்கட்டும். கதை மட்டத்துப் பிள்ளைகளை ஆசிரியப் பயிலுனரும் நூலக மூலையும் பார்த்துக்கொள்ளும். இந்த ஒழுங்குக்குத் தரம் 5 பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு வரும். கடந்தகால வினாத்தாள் செய்யும் நேரத்தை எடுத்துவிட்டீர்கள் என்பார்கள். பந்தி வாசிக்கத் தெரியாத பிள்ளை வினாத்தாளின் கேள்வியையே வாசிக்காது என்பதை, அவர்களின் பிள்ளை வாசித்த தாளையே காட்டித் தனித்தனியே விளக்குங்கள், கூட்டத்தில் வேண்டாம்.

மூன்று ஆசிரியர் உள்ள பாடசாலையில்

வாகரை, வவுணதீவு, பொத்துவில் பக்கத்துச் சிறு பாடசாலைகளில் மேலே சொன்ன வேலைப் பிரிப்பெல்லாம் நடவாது. இரண்டு தரத்தை ஒருவரே பார்க்கிறார். ஆனால் பிள்ளைத்தொகை குறைவு என்பதால் எல்லோரையும் இரண்டு காலையில் சோதித்துவிடலாம். பல தரத்தை ஒன்றாக வைத்துப் படிப்பிக்கும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால் மட்டப்படி இருத்துவதும் இங்கே இலகு. வகுப்பு பார்ப்பதற்கு மட்டும் அயற் பாடசாலையுடன் சோடி சேருங்கள். தவணைக்கு இரண்டு தடவை ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. கோட்டக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள்.

மீள்சோதனையும் அதன் வாசிப்பும்

11ஆம் கிழமை உறையைத் திறந்து இரண்டாம் தொகுதியை எடுங்கள். சோதிப்பவர் அந்தக் குழுவுக்குப் படிப்பித்தவராக இருக்கக்கூடாது. சராசரி எடுக்க வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் பழைய மட்டம், புதிய மட்டம் என்று அம்புக்குறி போடுங்கள். ஏறாதவர்களின் பெயர்களை நாலு பெட்டித் தாளுடன் மறுபடி ஒப்பிடுங்கள். வந்தும் ஏறாதவர்களுக்கு முதலில் கண்ணும் காதும் பார்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு பேசிப் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் அவர்களை முன்னுக்குப் போடுங்கள். அதற்குப் பின்னும் நகராத பிள்ளைக்கு விசேட கல்விப் பிரிவின் உதவியைக் கேளுங்கள். "மொக்கு" என்று பெயர் வைத்துக் கடைசி வாங்குக்கு அனுப்புவது எந்தப் பெட்டியிலும் இல்லை.

எதிர்பார்த்த 7க்குப் பதில் 4 பேர்தான் ஏறினார்கள் என்றால், திட்டம் பிழை என்று தூக்கிப் போடுமுன் எத்தனை நாள் உண்மையில் நடந்தது என்று எண்ணுங்கள். ஏழு கிழமையில் 35 நாள் இருக்க வேண்டும். 20 நாள்தான் நடந்திருக்கிறது என்றால் முறையைச் சோதிக்கவே இல்லை. அடுத்த தவணை அதே முறையை, நாட்களைக் காத்துச் செய்யுங்கள். 30 நாளுக்கு மேல் நடந்தும் அசையவில்லை என்றால் பிழைவகைத் தாளுக்குத் திரும்பிப் போங்கள், தடங்கல் வேறெங்கோ இருக்கிறது.

வருட முடிவு இடமாற்றம் வரும். இந்த வேலையைத் தெரிந்த ஆசிரியர் போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப்பக்கத் தாள் ஒன்று: மட்டம், பிழைவகை, வராத நாள், எது உதவியது. அது பிள்ளையோடு அடுத்த தர ஆசிரியரின் கைக்கு ஜனவரி முதல் நாளே போக வேண்டும். மழைக்கு நனையாத இடத்தில், பொலித்தீன் உறைக்குள், நிலத்திலிருந்து மூன்றாம் தட்டில் வையுங்கள். வெள்ளம் வரும் ஊர்களில் கீழ்த்தட்டுக் கோவைகள்தான் முதலில் போகின்றன.